தோல் பொருள்களைப் பேணுதல்: அறிவு யாருடையது, இடம் யாருடையது?

வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்ட ஆண்டில், ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த என் அத்தை மகள் எனக்கொரு தோல் பை வாங்கித் தந்தாள். பழுப்பு நிறம், மரப்பட்டையின் வாசம், உட்புறத்தில் துணி கூட வைத்துத் தைக்கப்படாத பை. அவ்வாண்டு ஐப்பசி மழையில் அது முழுக்க நனைந்துவிட்டது. மறுநாள் காலை விசாரணை இருந்தது. விடுதி அறைத் தோழியின் ஹேர் டிரையரை வாங்கி, சூட்டை முழு அளவில் வைத்து, அரை மணி நேரம் பையின்மீது காட்டினேன். ஈரம் போயிற்று. கூடவே பையின் மூடி சுருங்கி, விளிம்பு மேல்நோக்கி வளைந்து, பொரித்த அப்பளம் போலாயிற்று.

நீதிமன்ற வாசலில் புங்கமரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் மூடியை மடக்கிப் பார்த்தார், முகர்ந்தார், ஈர விரலால் ஓரத்தைத் தொட்டார். “சூடு காட்டினீங்களா, வக்கீலம்மா?” என்றார். ஆமென்றேன். “வெந்த தோல் திரும்பாதுங்க. வேகாத எடத்தைக் காப்பாத்தித் தரேன். நாலு நாள் விடுங்க.”

‘வெந்த’ என்ற சொல்லை அன்று வெறும் பேச்சுவழக்காக எடுத்துக்கொண்டேன். தோல் தொழில்நுட்பம் படித்த நண்பர் ஒருவரிடம் பின்னாளில் கேட்டபோதுதான், ஆய்வகங்களில் ‘சுருக்க வெப்பநிலை’ என்று அளக்கப்படுவதையே பெரியவர் ஒரு சொல்லில் சொல்லியிருக்கிறார் என்பது விளங்கியது.

இதைச் சொல்லித்தர எங்கள் வீட்டிலேயே ஆள் இருந்திருக்க வேண்டும். என் தாத்தா நாமக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் செருப்பும், கவலை ஏற்றத்துக்கான தோல் வாலும் தைத்தவர். கூலி தானியமாக வரும். அதுவும் களத்தின் ஓரத்தில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அரசுப் பணி கிடைத்ததும் அவர் செய்த முதற்காரியம், தாத்தாவின் உளியையும் குத்தூசியையும் கொண்டுபோய்ப் பாழுங்கிணற்றில் போட்டது. தம் பிள்ளைகளின் கையில் அவை ஒருநாளும் ஏறக்கூடாது என்று நினைத்தார். அதில் அப்பாவிடம் எனக்குக் குறையேதுமில்லை. ஆனால் மூன்று தலைமுறைக்கு முன் எங்கள் குடும்பத்தில் சிறுவர்கள்கூட அறிந்திருந்த ஒன்றை நான் ஒரு பையைப் பாழாக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தோல் பொருள் வைத்திருக்கும் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் அதைப் பேணும் முறையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த அறிவைத் தாங்கி நிற்பவர்களின் நிலையைத் தொடாமல் அதைச் சொல்ல என்னால் இயலாது.

வெந்ததும் வேகாததும்

தோல் என்பது கொலாஜன் எனும் புரத நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் பாய். உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகும். வெறுமனே காயவைத்தால் பலகையாகும். நார்களுக்கிடையே ஒரு பொருளைச் செலுத்தி, அழுகாமலும் மீண்டும் மடங்கும்படியும் செய்வதே பதனிடுதல். தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இதற்குப் பயன்பட்டன. பட்டையின் துவர்ப்புப் பொருள் வாரக்கணக்கில் ஊறி நார்களைப் பற்றிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குச் சென்ற ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் இவ்வழியில் வந்ததே. பின்னர் குரோமிய உப்பு வந்தது. வாரங்கள் எடுத்த வேலை ஏறத்தாழ ஒரு நாளில் முடிந்தது. இன்று உலகில் விற்கும் தோலின் பெரும்பகுதி குரோம் தோலே. சென்னையின் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததும் அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான்.

நனைந்த பச்சைத் தோல் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுருங்கத் தொடங்கும். பட்டையால் பதனிட்டது 75, 80 பாகை வரை தாங்கும். குரோம் தோல் கொதிநீரின் வெப்பத்தையும் ஏறக்குறையத் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டினால் நார்களின் முறுக்கு அவிழ்ந்து சுருண்டுவிடும். எந்த எண்ணெயாலும் அதை மீட்க முடியாது. ஹேர் டிரையரின் வாயருகே வெப்பம் இந்த அளவை எளிதில் எட்டும். மழையில் நனைந்த தோலை அடுப்பருகே வைப்பதும், இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பதும், மழை விட்ட பின் மொட்டைமாடி வெயிலில் போடுவதும் ஏன் கூடாது என்பது இதனால் தெரியும். வெயில் தோலை வேகவைக்காது என்றாலும், ஈரத்தை மேற்பரப்பிலிருந்து மிக வேகமாக இழுத்து வெடிப்பை உண்டாக்கும்.

நனைந்த பொருளை முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு பழைய பருத்தித் துணியையோ அச்சு மை இல்லாத தாளையோ உள்ளே திணித்து உருவத்தைக் காக்க வேண்டும். செய்தித்தாளைத் திணித்தால் வெளிர்நிறத் தோலில் மை ஏறும். மின்விசிறிக் காற்று போதும். ஒரு காலணி முழுதாக உலர இரண்டு நாள் ஆகலாம்; பொறுக்க வேண்டியதுதான். ஈரம் முழுவதும் போவதற்குச் சற்று முன், தோல் தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும் நிலையில், எண்ணெயோ தோல் களிம்போ மிகச் சிறிதளவு தடவினால் உள்ளே நன்றாக இறங்கும்.

எது தோல்?

பேணுவதற்கு முன் கையில் இருப்பது தோல்தானா என்று தெரிந்துகொள்வது நல்லது. ‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரை தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மாட்டுத் தோல் தடிமனானது. அதை அடுக்குகளாகப் பிளப்பார்கள். மயிர்க்கால்கள் தெரியும் மேலடுக்கில்தான் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், உறுதியும் அதில்தான். கீழடுக்கின்மீது பிளாஸ்டிக் பூச்சேற்றி, மேலடுக்கின் தோற்றத்தை அச்சிட்டு விற்றாலும் அதுவும் தோல்தான். தோல் தூளைப் பசையால் ஒட்டித் தகடாக்கி விற்பதும் உண்டு. ‘பி.யூ. லெதர்’ என்பதிலோ தோலே இல்லை. துணியின்மீது பாலியூரித்தேன் பூச்சு. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அந்தப் பூச்சு தானாகவே சிதைந்து, சில ஆண்டுகளில் செதில்செதிலாக உதிரும். எத்தனை பாலிஷ் போட்டாலும் அதை நிறுத்த முடியாது. கல்லூரிக்கு வாங்கிய பை இரண்டாம் ஆண்டிலேயே உரிகிறதே என்று வருந்தும் மாணவர்கள் தங்கள் பராமரிப்பைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். பழைய ரெக்சின் பைகளைக் கண்ட தலைமுறைக்கு இது புதிதுமன்று.

வெட்டிய விளிம்பைப் பாருங்கள். தோலில் நார்கள் தெரியும். மற்றதில் துணியிழையும் அதன்மேல் ஒட்டிய ஏடும் தெரியும். மயிர்க்கால் புள்ளிகள் தோலில் ஒழுங்கின்றி இருக்கும். அச்சிட்டதில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். மறைவான இடத்தில் ஒரு துளி நீர் விட்டால், பூச்சு குறைந்த தோல் மெல்ல அதை உறிஞ்சிக் கருமையாகும். பெரியவர் என் பையை ஈர விரலால் தொட்டது இதற்காகவே. அது பட்டையில் பதனிட்டது என்பதை அந்த ஒரு தொடுகையில் அறிந்துகொண்டார்.

எண்ணெயும் சோப்பும் பூஞ்சையும்

தோல் ஆலையில் பதனிட்ட பின், நார்கள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க எண்ணெய் ஏற்றுவார்கள். அந்த எண்ணெய் காலப்போக்கில் குறையும். நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் சிறிது வெளியேறும். அதை ஈடு செய்வதுதான் நாம் வீட்டில் எண்ணெய் தடவுவதன் பொருள். ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, துணியின் நுனியில் தொட்ட அளவு போதும். நாட்டுச் செருப்பு தைத்தவர்கள் விளக்கெண்ணெயையே பயன்படுத்தினார்கள். அது காற்றில் இறுகாத எண்ணெய், தோலில் நெடுநாள் தங்கும். தேங்காய் எண்ணெய் கைக்கருகில் இருப்பதால் பலரும் அதைத் தடவுகிறார்கள். முதலில் மென்மை தரும். பின்னர் சிக்குநாற்றம் அடிக்கும். வெளிர்நிறத் தோலைத் திட்டுத்திட்டாகக் கருக்கும். எந்த எண்ணெயும் மிகுந்தால் தையல் நூல் தளரும், தூசி ஒட்டும், பூஞ்சைக்கு உணவாகும். பூச்சு மிகுந்த குரோம் தோலில் எண்ணெய் உள்ளே இறங்காது. அதற்குக் கடையில் விற்கும் தோல் களிம்பே ஏற்றது. மென்மயிர் போன்ற பரப்புடைய ஸ்வேடு தோலுக்கு எண்ணெயும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். உலர்ந்த தூரிகை போதும்.

என் பைக்கும் பெரியவர் விளக்கெண்ணெயே தடவினார். நாளொன்றுக்கு ஒரு சுற்று, உள்ளங்கையின் சூட்டில் தேய்த்துத் தேய்த்து. நான்காம் நாள் பை மீண்டும் மடங்கியது. மூடியின் ஓரம் மட்டும் இன்றும் வளைந்தே இருக்கிறது.

சோப்பு பற்றி ஒரு சொல். பதனிட்ட தோல் இயல்பில் அமிலத்தன்மை உடையது. துணி சோப்பும் குளியல் சோப்பும் காரத்தன்மை உடையவை. அடிக்கடி சோப்பு போட்டால் எண்ணெயும் போகும், பதனிட்ட பொருளின் பிடிப்பும் தளரும். தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். அழுக்கை நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடையுங்கள். கொரோனா காலத்தில் பைகளின்மீது சானிடைசர் தெளித்து மேற்பூச்சைக் கரைத்துக்கொண்டவர்கள் எங்கள் நீதிமன்றத்திலேயே பலர்.

பாலிஷ் என்பது மெழுகு. அது மேற்பரப்புக்கு மினுக்கும் சிறிது நீர்காப்பும் தரும். உள்ளே இறங்கி நாரை வளர்க்காது. தூசியைத் தட்டாமல் பாலிஷ் போடுவது மணலைச் சேர்த்துத் தேய்ப்பதுதான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தோலின் பெரும்பகை பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டைத் தாண்டும் நாள்களில், மூடிய பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைத்த பையில் பத்து நாளில் வெண்படலம் படியும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைப்பிடித்து வைப்பதே காரணம். பழைய தலையணை உறையொன்றில் போட்டு, காற்றுப் புகும் இடத்தில் வையுங்கள். படலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த தூரிகையால் தட்டி, வெள்ளை வினிகரைச் சமஅளவு நீரில் கலந்து, துணியில் தொட்டு, முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பார்த்தபின் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். அந்தத் தூரிகையை வேறு காலணிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வியர்வையில் உப்பு இருக்கிறது. ஒரே செருப்பையோ ஷூவையோ நாள்தோறும் அணிந்தால் உள்ளீரம் உலர இடமின்றித் தோல் சிதையும். இரண்டு இணைகளை மாற்றி மாற்றி அணிந்தால் இரண்டும் சேர்ந்து நெடுங்காலம் உழைக்கும். இரண்டு இணை வாங்க வசதியில்லாத மாணவர்கள் இரவில் வாரை அவிழ்த்து, மின்விசிறியின் கீழ் வைத்தாலே போதும்.

வழக்குரைஞர்களுக்கென ஒரு குறிப்பு. சங்க நூலகங்களில் இருக்கும் பழைய சட்ட அறிக்கைத் தொகுதிகளை எடுத்தால் கறுப்புக் கோட்டில் செந்நிறத் தூள் ஒட்டும். பட்டையால் பதனிட்ட தோல் அட்டை காற்றிலுள்ள கந்தக வாயுவால் அமிலமேறி உதிர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது. அதற்கு எண்ணெய் தடவுவது கெடுதலையே செய்யும். தூள் கறையாக இறுகும். தாளுறை போட்டு வைப்பதும், முதுகைப் பிடித்து இழுக்காமல் எடுப்பதுமே நம்மால் ஆவது.

இவையெல்லாம் தேய்மானத்தைத் தள்ளிப்போடும் வழிகள். தையல் விட்டால், குதிகால் ஒருபுறம் தேய்ந்தால், கட்டைவிரல் வார் இளகினால், அன்றே சரிசெய்ய வேண்டும். சில நொடிகளில் ஒட்டும் பசையை வீட்டில் போடாதீர்கள். அது கண்ணாடிபோல் இறுகும். நடக்கும்போது மடங்கும் இடத்தில் உடைந்து, தோலையும் கிழிக்கும். பின்னர் தைப்பவருக்கு ஊசி இறங்காது. மெழுகேற்றிய நூலில் இருபுறமும் எதிரெதிராகக் கோத்துத் தைக்கும் தையலில் ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். இயந்திரத் தையலில் ஓரிடத்தில் அறுந்தால் அது ஓடிக்கொண்டே போகும். கைத்தையலுக்கு இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

ஊசியின் வேகம்

தோல் தைப்பவரின் கைத்திறன் தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார், ஒரு போரின் விரைவைச் சொல்லக் கட்டிலுக்கு வார் பின்னுபவரின் ஊசியை உவமையாக்குகிறார். ஊரில் விழா, மனைவி பிரசவ வேதனையில், மழையும் பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. வேலையை முடித்துவிட்டு ஓட வேண்டிய மனிதரின் கையில் ஊசி எவ்வளவு விரைந்திருக்கும்! அந்த அவதியை இவ்வளவு நெருங்கி நின்று கண்ட புலவர், அம்மனிதரைக் குறிக்கக் கையாளும் சொல் ‘இழிசினன்’. அச்சொல்லுக்கு அன்று என்ன பொருள் என்று உரையாசிரியர்கள் விவாதிக்கலாம். கையின் வேகத்தைப் போற்றிவிட்டு, கைக்குரியவரைத் தாழ்த்தும் பழக்கத்தை நான் இன்றும் நீதிமன்ற வாசலில் காண்கிறேன்.

சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்குவது, எந்தப் பட்டையை எந்த அளவில் இடுவது, மாட்டின் முதுகுத் தோல் எதற்கு, வயிற்றுத் தோல் எதற்கு என்பதெல்லாம் வேதியியலும் பொறியியலும்தான். 1948இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தபோது இவ்வறிவுக்குப் பாடநூலும் பட்டமும் கிடைத்தன. சேரிகளில் அதே அறிவு தீட்டாகவே தொடர்ந்தது. மின்மோட்டார் வந்து கவலை ஏற்றம் ஒழிந்தது. தொழிற்சாலைச் செருப்பு வந்து நாட்டுச் செருப்பு ஒழிந்தது. மேற்கு மாவட்டங்களில் வேலையிழந்த அருந்ததியர் பலர் சென்று சேர்ந்த இடம் துப்புரவுப் பணி.

இங்கே ஒரு கேள்வி எழும். கூட்டங்களில் இளைஞர்கள் என்னிடம் கேட்டதும் உண்டு. ‘இத்தொழிலை விட்டு வெளியேறச் சொல்லும் இயக்கத்தில் இருந்துகொண்டு, அதன் நுட்பத்தைப் புகழலாமா?’ 1956 அக்டோபர் 15 அன்று நாக்பூர் உரையில் அம்பேத்கர் இதைத் தொட்டிருக்கிறார். செத்த மாட்டை எடுக்க மறுப்பதால் மகர்களுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு வருமான இழப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களுக்கு, அவ்வளவு வருமானம் உண்டென்றால் நீங்களே அந்த வேலையைச் செய்து பெற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அவர் விடையளித்தார். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, அங்குள்ள தலித்துகள் மாட்டின் சடலங்களை எடுக்க மறுத்து அந்த விடையையே செயலில் காட்டினார்கள். பிறப்பால் சுமத்தப்பட்ட வேலையை மறுப்பது உரிமை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, பட்டியல் சாதியினரை விலங்குச் சடலம் சுமக்குமாறு கட்டாயப்படுத்துவது தனிக் குற்றமும் ஆகிவிட்டது. என் அப்பா கிணற்றில் போட்ட உளியை நான் எடுக்கப்போவதில்லை. ஆனால் தாத்தாவிடம் இருந்தது அறிவு என்று சொல்லவும், இன்றும் அத்தொழிலில் வாழ்பவருக்கு அறிஞருக்குரிய மதிப்பைக் கேட்கவும் எனக்கு அந்த உளி தேவையில்லை.

அதே திருத்தத்தில் செருப்பு இருமுறை வருகிறது. பட்டியல் சாதியினருக்குச் செருப்பு மாலை அணிவிப்பது குற்றம். அவர்கள் பொது இடத்தில் செருப்பணிவதைத் தடுப்பதும் குற்றம். இரண்டாவதைப் படிக்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர், இன்னுமா என்று கேட்கிறார்கள். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தின் ராஜாவூரில், ஒரு தெருவில் தலித் மக்கள் சுமார் 60 பேர் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில்.

பேணிப் பயன்படுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. குரோம் தோல் ஒவ்வொன்றின் பின்னாலும் கழிவுநீரும் சேறும் உள்ளன. பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எவரும் அத்தீர்ப்பைத் தாண்டிப்போக முடியாது. அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் தோல் கழிவுச் சேறு நிறைந்த தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள். ஐந்தாண்டு உழைக்க வேண்டிய காலணியை ஓராண்டில் தூக்கியெறியும்போது அந்தச் சேற்றின் அளவும் கூடுகிறது.

புங்கமரத்தடி

காலணி நீண்டநாள் உழைக்க வேண்டுமெனில் அதைத் தைத்துக் கொடுப்பவர் நடந்துபோகும் தொலைவில் இருக்க வேண்டும். அவரை அங்கிருந்து அகற்றுவதோ மிக எளிதாக நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் ‘அழகுபடுத்துதல்’ என்ற பெயரில் நீதிமன்றச் சாலையின் நடைபாதையைச் சீரமைக்க முடிவாயிற்று. ஒருநாள் காலை வந்தவர்கள் பெரியவரின் மரப்பெட்டியையும் இரும்புத் தாங்கியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முன்னறிவிப்பு இல்லை, எடுத்த பொருள்களுக்குப் பட்டியலும் தரவில்லை.

தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் வியாபார ஒழுங்குமுறைச் சட்டம், 2014 எல்லோரும் கையில் வைத்திருக்க வேண்டிய சட்டம். பெயரில் வியாபாரி என்று இருப்பதால், பொருள் விற்பவருக்கு மட்டும் உரியது எனப் பலரும் எண்ணுகிறார்கள். பிரிவு 2இல் உள்ள வரையறை, பொதுமக்களுக்குச் சேவை வழங்குபவரையும் சேர்த்தே சொல்கிறது. செருப்புத் தைப்பவர் ஐயத்துக்கிடமின்றி அதில் வருவார். பிரிவு 18இன்படி இடமாற்றத்துக்கோ வெளியேற்றத்துக்கோ 30 நாள் அறிவிப்பு வேண்டும். பிரிவு 19இன்படி பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் தர வேண்டும். அழுகாத பொருளாயின், உரியவர் கேட்டுக் கட்டணம் செலுத்திய இரண்டு வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் தர வேண்டும். உங்கள் ஊரில் அக்குழு இருக்கிறதா, அதில் செருப்புத் தைப்பவர் ஒருவரேனும் இருக்கிறாரா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேட்கலாம். மாணவர் அமைப்புகளுக்கு இது நல்ல தொடக்கம்.

பெரியவருக்காக நாங்கள் மூன்று வழக்குரைஞர்கள் சேர்ந்து, பிரிவு 19ஐச் சுட்டி ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே இருந்த உளிகளில் ஒன்றைக் காணவில்லை. அடுத்த மாதம் கணக்கெடுப்புக்கு வந்த அலுவலர், ‘என்ன விற்கிறீர்கள்?’ என்ற கட்டத்தை நிரப்ப முடியாமல் திகைத்தார். பெரியவர் எதுவும் விற்பதில்லையே! படிவத்தில் ‘சேவை’ என்ற கட்டமே இல்லை. அப்படியானால் இவரைச் சேர்க்க முடியாது என்றார். சட்டப் புத்தகத்தைத் திறந்து வரையறையைக் காட்டினேன். நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு, படிவத்தின் ஓரத்தில் ‘காலணி, தோல் பை செப்பனிடும் சேவை’ என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டார்.

அன்று பெரியவர் என் ஊரைக் கேட்டார், சொன்னேன். தாத்தாவின் பெயரைக் கேட்டார், அதையும் சொன்னேன். அதன் பிறகு அவர் என்னை வக்கீலம்மா என்று அழைப்பதில்லை, ‘கண்ணு’ என்கிறார்.

விற்பனைச் சான்றிதழ் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது பிரிவு 3(3). அப்பிரிவின் நகலொன்றை அவருடைய பெட்டியின் மூடிக்குள் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். காலை ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடுவார். மழை நாள்களில் பதினொன்று ஆகும். நனைந்த காலணியைக் கொண்டு வருபவர்களிடம், முதலில் இரண்டு நாள் நிழலில் உலர்த்திவிட்டு வரச் சொல்வார்.